சர்க்காரின் செவியும் ஒரு நடிகையின் சரித்திரமும்

1970-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ஆம் தேதியன்று, அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு ஸ்தாபனமாகிய எஃப்.பி.ஐ.யின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளைக் காரியாலயம் வாஷிங்டனிலுள்ள தலைமைக் காரியாலயத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. ஜீன் சீபெர்க் என்னும் சினிமா நடிகை கர்ப்பமாயிருக்கிறார். அதற்குக் காரணமானவர் கறுப்பினத்தாரின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியில் கல்வி அமைச்சர் என்ற பதவிப் பெயரோடு விளங்கிய ரேமண்ட் ஹியூவிட்தான் என்று ஹாலிவுட்டின் கிசுகிசுப் பத்தி எழுத்தாளர்களுக்குக் கற்பனைப் பெயரில் ஒரு கடிதம் எழுதிச் செய்தியைப் பரப்ப அனுமதி வேண்டும். பரவினால் நடிகைக்குச் சங்கடம் உண்டாவதோடு, பொதுஜனங்களிடையே அவருக்குள்ள மதிப்பும் மலிந்துபோகும் என்பது அக்குறிப்பின் சாரம். சில நாட்களில் பதில் வந்தது. யோசனை ஏற்கத்தக்கதே, ஆயினும் இன்னும் சுமார் இரண்டு மாதம் பொறுத்து, கர்ப்பம் எல்லோர் கண்ணுக்கும் புலனாகும் சமயம் பார்த்துச் செய்வதே உசிதம், அப்பொழுதுதான் டெலிபோனை ஒட்டுக்கேட்டு அறிந்த விஷயம் இது என்ற சந்தேகம் எவருக்கும் எழாது என்றது பதில். கோபமோ தயக்கமோ அதில் இல்லை. ஒரு பெண்ணின் உடலில் நிகழும் மாறுதலைத் தேதிக் குறிப்பாக வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரான காரியத்துக்கு நாள் குறித்த அந்த உத்தியோகஸ்தர்கள், நமக்குத் தெரிந்தவரை, அன்று மாலை வழக்கம்போல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

இந்த இரண்டு தாள்களும் வெளியாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இதற்கிடையில் ஜீன் சீபெர்க்கின் வாழ்க்கையைப் பற்றிச் சரித்திர நூல்கள் வந்தன. ஒரு நாவல் வந்தது. லண்டனில் இசை நாடகமாக மேடையேறியது. கட்டுரைச் சித்திரமாகவும் ஆவணப் படமாகவும் திரையில் தோன்றியது. கடைசியாக 2019-இல் பெனடிக்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஆஸ்திரேலிய நாடக டைரக்டர், கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டைக் கதாநாயகியாக்கி, 'சீபெர்க்' என்ற பெயரிலேயே வாழ்க்கைச் சித்திரம் ஒன்றை எடுத்து வெனிஸ் விழாவில் திரையிட்டார். எந்த மனிதருடைய வாழ்க்கையை முதன்முதலில் எழுதியது ஓர் அரசாங்கமோ, அதுவும் அவதூறு செய்யும் நோக்கத்தோடு எழுதியதோ, அந்த வாழ்க்கையைக் கலைஞன் மறுபடியும் எழுதப் புகும்போது எதை எடுத்துக்கொள்கிறான், எதை நழுவவிடுகிறான் என்ற கேள்வியே இங்கு நாம் விசாரிக்க எடுத்துக்கொண்டது. நம் அபிப்பிராயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவதில் தவறில்லை: நாடகக்காரர்கள் எல்லோரும் இக்கதையில் ஒரு முகமுள்ள குற்றவாளியைத் தேடுகிறார்கள், தஸ்தாவேஜுகளோ, முகமே இல்லாமலும் இக்காரியம் சுமுகமாக நடந்தது என்பதைக் காட்டுகின்றன.

முதலில் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அயோவா மாகாணத்தில் மார்ஷல்டவுன் என்ற சிறு நகரத்தில், மருந்தாளராக இருந்த ஒருவருடைய மகளாக 1938 நவம்பர் 13-ஆம் தேதி ஜீன் பிறந்தார். லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த, ஒழுங்கும் கட்டுப்பாடும் நிறைந்த குடும்பம். பதினான்காம் வயதிலேயே, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக உழைத்துவந்த தேசியச் சங்கத்தில் அவர் அங்கத்தினராகச் சேர்ந்தார் என்பது அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் குறிப்பிடும் செய்தி, பிற்காலத்தில் எஃப்.பி.ஐ. அவர்மீது சுமத்திய 'குற்றத்தின்' வேர், ஹாலிவுட் அவரைத் தொடுவதற்கு முன்பே ஊன்றிவிட்டது என்பதற்காகவே நாமும் அதைக் குறிப்பிடுகிறோம். ஓட்டோ பிரெமிங்கர் என்ற டைரக்டர், பெர்னார்ட் ஷாவின் ஜோன் நாடகத்தைப் படமெடுக்கப் புறப்பட்டு, கதாநாயகிக்காக நாடெங்கும் நடத்திய தேடலில் சுமார் 18,000 பெண்களுக்கிடையே இவரைத் தேர்ந்தெடுத்தார். அப்பொழுது ஜீனுக்கு வயது பதினேழு. ஜோனைக் கம்பத்தில் கட்டி எரிக்கும் காட்சியைப் படமாக்கியபோது, செயற்கைத் தீ கட்டுக்கு மீறிப் பாய்ந்து அவருக்கு உண்மையாகவே தீக்காயம் பட்டது. 1957-இல் வெளிவந்த படத்தை விமரிசகர்களும் சும்மா விடவில்லை. அடுத்த ஆண்டு அதே டைரக்டர் எடுத்த 'பான்ழூர் திரிஸ்தெஸ்' படமும் அமெரிக்காவில் அவருக்குப் பேர் வாங்கித் தரவில்லை.

பேர் வந்தது பிரான்ஸிலிருந்து. ழான் லுக் கோதார் என்ற இளம் விமரிசகர் தம் முதல் முழுநீளப் படத்தை எடுத்தபோது, சாம்ஸ் எலிஸே வீதியில் நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் பத்திரிகையைக் கூவி விற்கும் பத்ரீஸியா என்ற அமெரிக்கப் பெண்ணாக, ஆண்பிள்ளைபோல் வெட்டிய தலைமயிரோடு ஜீனை நடக்கவிட்டார். 1960-இல் அந்தப் படம் வெளியானது முதல் புதிய அலை என்ற சினிமா இயக்கத்தின் முகமாகவே உலகம் அவரைக் கருதலாயிற்று. இரண்டாண்டு கழித்து, விமானப்படை வீரரும் ராஜதந்திரியும் நாவலாசிரியருமான ரொமேன் காரியை மணந்தார். தியேகோ என்ற மகனும் பிறந்தான். 1964-இல் வந்த 'லிலித்' படத்தில் சித்தம் கலங்கிய பெண்ணாக அவர் நடித்ததே அவருடைய நடிப்பின் சிகரம் என்பாருண்டு. நாமும் அந்தக் கட்சிதான். பிறகு 'பெயின்ட் யுவர் வேகன்', 'ஏர்போர்ட்' போன்ற பெரும் பொருட்செலவுப் படங்களுக்காக மறுபடி ஹாலிவுட்டுக்கு வரநேர்ந்தது. வந்த இடத்தில்தான் வினை காத்திருந்தது.

எஃப்.பி.ஐ. 1956-இல் கம்யூனிஸ்ட் கட்சியை உள்ளிருந்து சிதைப்பதற்காக ஆரம்பித்த ரகசியத் திட்டத்துக்குக் கோயின்டெல்ப்ரோ என்று பெயர். உளவறிவது மட்டும் இதன் வேலையன்று. பொய்க்கடிதம் எழுதுவது, தம்பதிகளைப் பிரிப்பது, தோழர்களுக்குள் சந்தேகத்தை மூட்டுவது, உத்தியோகம் போகும்படி செய்வது ஆகிய யாவும் இத்திட்டத்தில் நிர்வாக நடைமுறைகளாகவே எழுதிப் பதியப்பட்டன. 1967-இல் கறுப்பின இயக்கங்கள் மீதும் இது திருப்பப்பட்டது. 1924 முதல் அந்த ஸ்தாபனத்தின் தலைமைப் பீடத்தில் அசையாமல் வீற்றிருந்த ஜே. எட்கர் ஹூவர், கருஞ்சிறுத்தைகள் கட்சியே நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பேரபாயம் என்று பகிரங்கமாகக் கூறினார். 1969 டிசம்பர் 4-ஆம் தேதி விடியுமுன் சிகாகோவில் போலீஸார் நடத்திய சோதனையில், அக்கட்சியின் இருபத்தொரு வயதுத் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வீட்டின் அமைப்பைப் படமாக வரைந்து கொடுத்தவன் எஃப்.பி.ஐ.யின் உளவாளி. கட்சிக்காரர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு என்றால், அவர்களுக்குப் பணம் கொடுக்கும் வெள்ளைக்காரர்களுக்கு வேறு மருந்து வேண்டியிருந்தது. ஜீன் சீபெர்க் அக்கட்சிக்கு வழங்கியதாக எஃப்.பி.ஐ. கணக்கிட்ட தொகை 10,500 டாலர். ஒரு நட்சத்திரத்தின் வருமானத்தில் இது பெருந்தொகையன்று. ஆனால், அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கொடுக்கத் துணிந்துவிடக் கூடாது என்பதல்லவா சர்க்காரின் கவலை?

ஆகவே அவருடைய டெலிபோன் பேச்சுக்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் அவர் சென்ற இடமெல்லாம் கண்காணிப்புத் தொடர்ந்தது. பாரிஸ், ரோம் நகரங்களில் உள்ள அமெரிக்கத் தூதரகங்களின் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் தகவல் கேட்கப்பட்டார்கள், சி.ஐ.ஏ.வுக்கும் ராணுவ உளவுத்துறைக்கும் பிரதிகள் போயின. ஒரு நடிகையின் அந்தரங்க விஷயங்கள் எர்லிக்மன் என்ற உதவியாளர் வழியாக ஜனாதிபதி நிக்ஸனின் காரியாலயம் வரைக்கும் எட்டின என்பதைப் படிக்கும்போது, வியத்நாம் யுத்தத்தை நடத்திக்கொண்டிருந்த ஓர் அரசாங்கத்துக்கு இதற்கெல்லாம் அவகாசம் எங்கிருந்து கிடைத்தது என்ற வியப்புத்தான் முதலில் எழுகிறது.

இனி வதந்தியின் வரலாறு. தலைமைக் காரியாலயம் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னது மே மாதத் தொடக்கத்தில். ஆனால் மே 19-ஆம் தேதியே லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையில், ஜாய்ஸ் ஹேபர் என்பவர் எழுதிவந்த கிசுகிசுப் பத்தியில், 'ஏ' என்ற எழுத்தால் மட்டும் சுட்டப்பட்ட சர்வதேச நடிகை ஒருவர் கர்ப்பமாயிருப்பதாகவும், தந்தை ஒரு முக்கியமான கருஞ்சிறுத்தை என்று பேசிக்கொள்வதாகவும் செய்தி வந்தது. பெயரில்லையே தவிர, சினிமா உலகத்தைக் கொஞ்சம் தெரிந்தவர்கள் யாரும் ஆளைக் கண்டுகொள்ளும்படியாகவே அடையாளங்கள் அடுக்கப்பட்டிருந்தன. வேறு பத்திரிகைகளும் அதைக் கையாண்டன. ஆகஸ்ட் 24-ஆம் தேதியிட்ட நியூஸ்வீக் இதழோ தயக்கத்தை விட்டுப் பெயரையே போட்டுவிட்டது. ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஜெனீவாவில் அறுவைச் சிகிச்சையின் மூலம் குறைமாதத்தில் ஒரு பெண் சிசு பிறந்தது. இரண்டு நாள் உயிரோடிருந்து மறைந்தது.

பத்திரிகைச் செய்தியைப் படித்த அதிர்ச்சியிலேயே பிரசவ வேதனை கண்டது என்று ரொமேன் காரி பிற்காலத்தில் பகிரங்கமாகச் சொன்னார். ஆனால் அதே மாதத் தொடக்கத்திலேயே ஜீன் தூக்க மாத்திரைகளை அளவு மீறி உட்கொண்டு பிழைத்திருந்தார். இதை எடுத்துக்காட்டி, குழந்தையின் சாவுக்கு வதந்தி காரணமாக முடியாது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதம் முதலே அந்த வதந்தி அவரைச் சுற்றி வட்டமிட்டுக்கொண்டிருந்தது என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. வைத்திய சாஸ்திரப்படி நிரூபிக்கக்கூடிய காரண காரிய சம்பந்தம் ஒன்று; மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்யும் தீங்கின் கணக்கு மற்றொன்று. முதலாவதில் நாம் சந்தேகத்தின் பலனை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், இரண்டாவதில் எஃப்.பி.ஐ.யின் கையெழுத்தே சாட்சியாக இருக்கிறது.

குழந்தைக்குத் தகப்பன் தானே என்று, அவரை விட்டுப் பிரிந்திருந்த காரி உலகறியச் சொன்னார். மெக்ஸிகோவில் படப்பிடிப்பின்போது சந்தித்த ஒரு மாணவனே தகப்பன் என்று ஜீன் பிறகு ஒப்புக்கொண்டார். எப்படியிருந்தாலும் ஹியூவிட் அல்லர். இதை நிரூபிப்பதற்காக அந்தத் தாய் செய்த காரியம் இந்தச் சரித்திரத்தில் நம்மை வெகுநேரம் நிற்கவைப்பது. சிசுவின் உடலை மார்ஷல்டவுனுக்குக் கொண்டுவந்து, ஊராரும் நிருபர்களும் பார்க்கும்படி பெட்டியைத் திறந்துவைத்து அடக்கச் சடங்கை நடத்தினார். குழந்தை வெள்ளை நிறந்தான் என்பதை எல்லோரும் கண்ணாரக் கண்டு போகலாம். அவதூறுக்கு இதைவிடப் பிரத்தியட்சமான மறுப்பு இல்லை. ஆனால் அந்த மறுப்புக்குள்ளேயே ஒரு தோல்வியும் அடங்கியிருந்தது. நிறத்தின் பேரால் மனிதரைத் தாழ்த்துவது பாவம் என்று பதினான்காம் வயதில் சங்கத்தில் சேர்ந்த பெண், கறுப்புக் குழந்தை என்றால் அவமானம் என்ற எதிரிகளின் அடிப்படையை ஏற்றுக்கொண்டாலன்றித் தன் வழக்கை வாதாட முடியாத இடத்துக்குத் தள்ளப்பட்டாள். 'அப்படியே இருந்தால்தான் என்ன?' என்று கேட்பதற்கு வேண்டிய மனவலிமை, பெற்ற குழந்தையைப் பறிகொடுத்த அந்த வாரத்தில் யாருக்கு இருந்திருக்கும்? பாரிஸ் நீதிமன்றம் நியூஸ்வீக் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்து, சுமார் 10,800 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. இதுவும், அவர் கருஞ்சிறுத்தைகளுக்குக் கொடுத்ததாகச் சர்க்கார் எழுதிவைத்த தொகையும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார், படங்களிலும் நடித்தார். ஆனால் குளிர்பதனப் பெட்டி தன்னை உளவு பார்க்கிறது என்று நம்பும் அளவுக்கு மனம் நொந்திருந்ததாக எழுதியவர்கள், அவருடைய டெலிபோன் பேச்சுக்கள் உண்மையாகவே எழுதிவைக்கப்பட்டிருந்தன என்பதையும் அடுத்த வரியில் எழுத வேண்டியவர்களாயிருக்கிறார்கள். 1979 ஆகஸ்ட் 30-ஆம் தேதி பாரிஸில் காணாமற்போனார். செப்டம்பர் 8-ஆம் தேதி, வீட்டுக்குச் சிறிது தொலைவில் நின்றிருந்த அவருடைய ரெனால்ட் காரின் பின்னாசனத்தில், போர்வைக்குள் உடல் கண்டெடுக்கப்பட்டது; மகனுக்கு எழுதிய சிறு குறிப்பும் இருந்தது. தற்கொலையாக இருக்கலாம் என்று போலீஸார் முடிவுசெய்தார்கள். வயது நாற்பது. உடல் கிடைத்த ஆறாம் நாள், 14-ஆம் தேதி, எஃப்.பி.ஐ. தானே முன்வந்து 1970-ஆம் ஆண்டுத் திட்டத்தை ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட காரியங்களை இப்போது விட்டொழித்துவிட்டோம் என்று அதன் அப்போதைய டைரக்டர் அறிவித்தார். உண்மையில் அவற்றை விடும்படி செய்தவர்கள், 1971 மார்ச் 8-ஆம் தேதி இரவு பென்ஸில்வேனியாவில் மீடியா என்ற ஊரிலிருந்த சிறு எஃப்.பி.ஐ. காரியாலயத்தின் கதவை உடைத்துக் காகிதங்களைத் தூக்கிச்சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பிய சில சாதாரணப் பிரஜைகள். மறுமாதமே கோயின்டெல்ப்ரோ நிறுத்தப்பட்டது.

இனிக் கலைஞர்களின் கைக்கு வந்த கதையைப் பார்ப்போம். முதலில் எழுதியவர் கணவரே. காரியின் 'வெள்ளை நாய்' என்ற நூல் 1970-இல், அதாவது குழந்தை இறந்த ஆண்டிலேயே வெளிவந்தது. கறுப்பர்களைக் கண்டால் பாயும்படி பழக்கப்பட்ட ஒரு நாய், லாஸ் ஏஞ்சல்ஸில் தம் வீட்டுக்கு வந்துசேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டே, தம் மனைவியைச் சுற்றிக் கூடிய உபகாரிகளையும் அவர்களிடம் பணம் கறக்க வந்தவர்களையும் எள்ளி நகையாடுகிறார். ஜீனுடைய பரோபகாரத்தில் இருந்த வெகுளித்தனத்தை இவ்வளவு அன்போடும் இவ்வளவு எரிச்சலோடும் வேறு யாரும் எழுதவில்லை. மெக்ஸிகோவின் நாவலாசிரியர் கார்லோஸ் ஃபுவென்டெஸ், துராங்கோவில் ஒரு படப்பிடிப்புக் காலத்தில் அவரோடு கொண்ட உறவை 1994-இல் 'டயானா' என்ற நாவலாக்கினார். அங்கே கதாநாயகி ஆசிரியருடைய தன்னலத்துக்குக் கண்ணாடியாக இருக்கிறாளேயன்றி, தானாக அதிகம் பேசுவதில்லை. 1983-இல் லண்டன் தேசிய நாடகசாலையில் பீட்டர் ஹால் மேடையேற்றிய இசை நாடகத்துக்கு மார்வின் ஹாம்லிஷ் இசையமைத்தார், அது நீடிக்கவில்லை. ஒட்டுக்கேட்பைப் பாட்டாகப் பாடுவது எளிதன்று போலும்.

இவை எல்லாவற்றையும்விட மேலானதென்று நாம் கருதுவது மார்க் ராப்பபோர்ட் 1995-இல் எடுத்த 'ஜீன் சீபெர்க்கின் நாட்குறிப்புகளிலிருந்து' என்ற படம். பழைய படத்துண்டுகளை நிறுத்தியும் திருப்பியும் காட்டிக்கொண்டு, இறக்காமல் முதிர்ந்திருந்தால் இப்படிப் பேசுவார் என்ற பாவனையில் மேரி பெத் ஹர்ட் என்ற நடிகை ஜீனாகவே பேசுகிறார். அந்த நடிகை பிறந்ததும் மார்ஷல்டவுன்தான். குழந்தையாக இருந்தபோது அவரைப் பார்த்துக்கொள்ள வந்த அண்டைவீட்டுப் பெண் ஜீன் சீபெர்க்! கற்பனையில்கூடப் பொருத்தம் என்று சொல்லத் தயங்கும் ஒற்றுமை. கம்பத்தில் எரிந்த பதினெட்டு வயதுப் பெண்ணின் முகம் முதல் ஒவ்வொரு டைரக்டரும் அந்த முகத்தை எதற்காகப் பயன்படுத்தினார் என்பதை அப்படம் விசாரிக்கிறது. ஜேன் ஃபோண்டா, வனெஸ்ஸா ரெட்கிரேவ் என்னும் மற்ற இரு அரசியல் நடிகைகளோடு ஒப்பிட்டு, அவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்றும் கேட்கிறது. சர்க்கார் மட்டுமல்ல, காமிராவும் அவரைக் கண்காணித்தது என்பதை நேருக்கு நேர் சொல்லும் துணிவு அதற்கு உண்டு.

ஆண்ட்ரூஸின் படமும் அந்தத் தீக்காயத்திலிருந்துதான் தொடங்குகிறது. பிறகு 1968 மே மாதத்துப் பாரிஸ். பின்பு கலிபோர்னியா செல்லும் விமானம். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் உறவினரான ஹக்கீம் ஜமாலை ஜீன் அந்த விமானத்தில் சந்திக்கிறார். இறங்கியதும் புகைப்படக்காரர்களுக்கு முன்னால் கருஞ்சிறுத்தைகளோடு சேர்ந்து கைமுட்டியை உயர்த்துகிறார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எஃப்.பி.ஐ. இளைஞன் ஜாக் சாலமன் அன்று முதல் அவருடைய குரலைக் கேட்பதையே தொழிலாகக் கொள்கிறான். கேட்கக் கேட்க இரக்கம் பிறக்கிறது, இரக்கம் குற்றவுணர்ச்சியாகிறது, முடிவில் பாரிஸில் ஒரு மதுக்கடையில் அவரைச் சந்தித்து ஃபைலையே கையில் கொடுத்துவிடுகிறான். சாலமன் கற்பனைப் பாத்திரம். அவனுடைய முரட்டுச் சகாவும் அப்படியே. அந்த ஃபைலை உண்மையில் யாரும் எந்த மதுக்கடையிலும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஒட்டுக்கேட்பவனின் மனமாற்றம் என்ற இந்தக் கற்பனை, 2006-இல் ஜெர்மனியிலிருந்து வந்து ஆஸ்கர் பரிசும் பெற்ற 'பிறர் வாழ்க்கை' படத்தில் பிரசித்தி பெற்றது. அங்கேயும் ஒரு நடிகை உண்டு. கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸாகிய ஸ்டாஸியின் அதிகாரி ஒருவன் அவளுடைய வீட்டின் மச்சில் அமர்ந்து கேட்டு மனம் திரும்புகிறான். அந்தப் படத்தை ஹோஹென்ஷேன்ஹௌஸன் சிறைச்சாலை நினைவகத்தில் எடுக்க அனுமதி கேட்டபோது அதன் தலைவர் மறுத்துவிட்டார். இப்படி மனந்திரும்பித் தன் இரையைக் காப்பாற்றிய ஸ்டாஸி அதிகாரி ஒருவன்கூட இருந்ததாகத் தெரியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். கலைக்குச் சரித்திரம் சுங்கம் விதிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனினும், அந்த ஜெர்மானியப் பாத்திரமாவது தன் உத்தியோகத்தையே விலையாகக் கொடுக்கிறான். சாலமனோ எதையும் கொடுப்பதில்லை. படத்தின் பாதி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறான். அவனுடைய மனைவி, அவனுடைய சமையலறை, அவனுடைய தூக்கமின்மை என்று கதை போகும்போதெல்லாம், கண்காணிக்கப்பட்டவளிடமிருந்து கண்காணித்தவனிடம் நம் அனுதாபம் கைமாறுகிறது. இது டைரக்டரின் நோக்கமாக இருந்திராது. ஆயினும் விளைவு அதுவே.

கறுப்பின மனிதர்களின் நிலை இன்னும் மோசம். ஜமால் நிஜத்தில் கருஞ்சிறுத்தைகளின் தலைவர் அல்லர்; மால்கம் எக்ஸின் பெயரால் ஒரு ஸ்தாபனத்தை வைத்துக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த முயன்றவர். 1973-இல் பாஸ்டன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு அவருடைய ஆங்கிலத் தோழி டிரினிடாட் தீவில் கொலையுண்டதைப் பற்றித்தான் வி.எஸ். நைபால் புகழ்பெற்ற நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். ஒரு பெரிய நாவலுக்கு வேண்டிய துன்பம் இந்த ஒரு வாழ்க்கையில் இருக்கிறது. படத்திலோ, ஜமால் கதாநாயகியின் மனசாட்சியைத் தட்டியெழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவர் ஜீனோடு இருந்த படுக்கையறையின் ஒலியை எஃப்.பி.ஐ. பதிவுசெய்து அவருடைய மனைவிக்கு டெலிபோனில் கேட்கச் செய்யும் காட்சி ஒன்று வருகிறது. இது மிகையான கற்பனை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 1964-இல் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒலிநாடாவையும் பெயரில்லாக் கடிதத்தையும் அனுப்பி, அவை அவருடைய மனைவியின் கையில் போய்ச் சேர்ந்ததும் இதே ஸ்தாபனத்தின் திருவிளையாடல்தான். அந்த ஒரு காட்சியில் ஜமாலின் மனைவியாக நடிக்கும் ஸாஸி பீட்ஸின் முகத்தில், யாருடைய வீடு உண்மையில் இடிந்தது என்பது ஒரு கணம் தெரிகிறது. படம் அங்கேயே சற்றுத் தங்கியிருக்கலாம். கருஞ்சிறுத்தைகளை உள்ளிருந்து காண விரும்புகிறவர்கள், ஹாம்ப்டனையும் அவரைக் காட்டிக்கொடுத்தவனையும் பற்றி 2021-இல் வந்த 'யூதாஸும் கறுப்பு மெசியாவும்' படத்துக்குத்தான் போக வேண்டும்.

குறைகள் இவ்வளவு இருந்தும் இப்படத்தை ஒரு தடவை பார்க்கச் சொல்வதற்குக் காரணம் கிறிஸ்டன் ஸ்டூவர்ட். இளம் வயதிலிருந்து புகைப்படக்காரர்கள் துரத்தத் துரத்த வாழ்ந்தவர். பிரெஞ்சுப் படத்தில் நடித்து அந்நாட்டின் ஸேஸார் விருதைப் பெற்ற முதல் அமெரிக்க நடிகை. இந்த வேடத்துக்கு வேறொருவரை நினைக்கவும் முடியவில்லை. ஜீனை அவர் நகல் செய்வதில்லை. வீட்டில் யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்ற ஐயம் தோன்றிய பிறகு, அவருடைய தோள்கள் சற்றே உயர்ந்து அப்படியே தங்கிவிடுகின்றன; சிரிக்கும்போதும் இறங்குவதில்லை. நீச்சல்குளமும் கண்ணாடிச் சுவர்களும் நிறைந்த அந்தக் கலிபோர்னியா வீட்டை, ரேச்சல் மாரிஸனின் ஒளிப்பதிவு எந்தக் கோணத்திலிருந்தும் ஒளிய முடியாத இடமாகக் காட்டுகிறது. வெயில் மிகுந்த பட்டப்பகலிலேயே பயத்தைக் காட்டியது பாராட்டத்தக்கது.

படம் ஏறக்குறையத் தொடாமலே விட்ட இடம் பத்திரிகை ஆபீஸ். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸில் அந்தச் செய்தி எப்படி வந்தது? எஃப்.பி.ஐ.யின் கற்பனைக் கடிதம் தபாலில் சேர்ந்ததா என்பது நிச்சயப்படவில்லை. தலைமைக் காரியாலயம் விதித்த இரண்டு மாதத் தவணைக்கு முன்பே அச்சேறிவிட்டதால், கடிதம் எழுதும் அவசியமே நேராமல் வேறு வாயால் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். 2002-இல் அதே பத்திரிகை தன் பழைய நடத்தையைத் தானே விசாரித்து வெளியிட்ட கட்டுரையில், ஹேபருக்கு அந்தத் துப்புச் சீட்டைக் கொடுத்தவர் அப்பொழுது நகரச் செய்திப் பகுதியின் ஆசிரியராயிருந்து பின்னால் பத்திரிகைக்கே தலைமை ஆசிரியரானவர் என்று வெளியாயிற்று. தமக்கு அதைக் கொடுத்த நிருபர் யார் என்பது அவருக்கு நினைவில்லை. நம்பகமானது என்ற குறிப்போடு ஒரு துண்டுத்தாள் மேஜை விட்டு மேஜை மாறியது. ஒருவரும் நடிகைக்கு டெலிபோன் செய்து கேட்கவில்லை. எல்லோருடைய டெலிபோனையும் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஊரில், கேட்டிருக்க வேண்டிய அந்த ஒரு பேச்சு மட்டும் நடக்கவே இல்லை.

அதே கோடையில் அதே எஃப்.பி.ஐ. கிளை, ஜேன் ஃபோண்டாவைப் பற்றி ஆர்மி ஆர்ச்சர்ட் என்ற ஹாலிவுட் பத்தி எழுத்தாளருக்கு ஒரு பொய்க்கடிதம் அனுப்ப அனுமதி பெற்றது. கருஞ்சிறுத்தைகளுக்கு நிதி திரட்டிய கூட்டத்தில் ஜனாதிபதிக்கு எதிராக அவர் கோஷம் எழுப்பினார் என்பது அதில் புனையப்பட்ட கதை. அது அச்சேறவில்லை. ஃபோண்டா சர்க்கார்மீதே வழக்குத் தொடுத்தார், இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறார். ஒரே காரியாலயம், ஒரே வகை யோசனை. இரண்டு நடிகைகள், இரண்டு முடிவுகள். இடையில் நின்றவை ஒரு பத்தி எழுத்தாளரின் மேஜையும், ஓர் ஆசிரியரின் கைச்சீட்டும். சாலமனைப்போல் ஒருவனைக் கற்பித்து அவன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிடாமல், பெயரும் பதவியும் உள்ள பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு வரி எழுதி, ஆளுக்கு ஒரு முறை தலையசைத்துக் கடத்திவிட்ட இந்தக் காரியத்தை அப்படியே நாடகமாக்க ஒருவர் முன்வருவாரானால், வசனத்துக்கு அவர் எங்கும் அலைய வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த தாள்களில் அது தட்டச்சிலேயே இருக்கிறது.